அவநம்பிக்கையும் உள்ளச் சோர்வும்

உழைப்பால் உடல் களைக்கும். உறங்கினால் அக்களைப்பு நீங்கும். உறங்கி எழுந்த பின்னரும் நீங்காத களைப்பொன்று உண்டு. அஃது உள்ளத்தின் களைப்பு. அதன் இயல்பையும், அதனை வளர்க்கும் எண்ணங்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நியூயோர்க் நகரின் இலவச மருத்துவ நிலையமொன்றிற் பணிசெய்த பிராய்டன்பேர்கர் என்னும் உளவியலறிஞர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்களே நாளடைவில் எரிந்தணைந்த விளக்குப்போல் ஆகிவிடுதலைக் கண்டு, 1974 ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அந்நிலைக்கு மூன்று குறிகளை வகுத்தது. ஆற்றல் வற்றுதல், தொழிலில் வெறுப்பும் அவநம்பிக்கையும் தோன்றுதல், செய்திறன் குன்றுதல் என்பன அவை. அதனை நோயென்னாது, தணிக்கப்படாத தொழில் நெருக்கடியின் விளைவென்றே அந்நிறுவனம் கொண்டது.

அவநம்பிக்கை சோர்வின் விளைவு. அச்சோர்வை வளர்ப்பதும் அதுவே. ‘இதனாற் பயனில்லை’ என்னும் எண்ணம் ஓயாது எழுங்கால், இடர் நேரில் வந்ததுபோல் உடல் விழிப்புக் கொள்கின்றது. கோட்டிசோல் முதலிய சுரப்புகள் மிகும், துயில் கெடும். துயில் கெட்டவன் மறுநாட் கடமையில் வழுவுவான். அவ்வழுவே முன்னைய எண்ணத்துக்குச் சான்றாகிவிடும். துருசு பழுதான குளத்து நீர் வயலுக்குப் பயன்படாமலே வற்றுமாறு போல, உள்ளத்தின் ஆற்றலும் வற்றிவிடுகின்றது.

இதனை நாம் அனுபவத்திற் கண்டோம். 2009 இற் போர் முடிந்து, செட்டிகுளம் முகாம்களிலிருந்து மக்கள் மீண்ட காலத்தில், வன்னிப் பாடசாலையொன்றின் தகரக் கொட்டிலிற் கற்பித்து வந்தோம். திருத்தவேண்டிய கொப்பிகள் சிலவே. அரை மணி போதும். ஆயினும், ‘இவர்கள் படித்து என்னாவது?’ என்னும் எண்ணம் நாள் முழுதும் உடன்வர, கொப்பிகள் மூன்று நாள் தொடப்படாமலே கிடந்தன. நான்காம் நாள் மாணவியொருத்தி வந்து, “கன பிழையோ, சேர்?” என்றாள். அனைத்தையும் இழந்து வந்த பிள்ளை தன் பிழையை அறியக் காத்திருந்தாள்; நாமோ அவளைப் பற்றி முன்னரே தீர்ப்பெழுதியிருந்தோம். அன்று மாலையே கொப்பிகளைத் திருத்தி முடித்தோம், களைப்புத் தோன்றவில்லை.

இழப்பை எண்ணி வருந்துதல் அவநம்பிக்கை அன்று. வன்னி மக்களின் மனவடு தனியாளோடு நில்லாது, குடும்பத்தையும் ஊரையும் பற்றியதென்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் ஆராய்ந்து எழுதினார். அத்துயருற்றோரிடம் ‘நல்லதையே எண்ணுக’ என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. துயர் வேறு, ‘இனி ஒன்றும் ஆகாது’ என்னும் தீர்ப்பு வேறு. தீர்ப்பையே நாம் விசாரணை செய்தல் வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சிகிச்சைமுறையும் இதனையே செய்விக்கின்றது. எழும் எண்ணத்தை எழுதி, அதற்குச் சார்பானவற்றையும் மாறானவற்றையும் எதிரெதிரே வைத்து நோக்குமாறு அது பயிற்றுகின்றது.

அதனோடு சுமையைப் பகிர்தலும் ஓய்வும் வேண்டும். ஒருவர் தலையிலேயே பணியனைத்தையும் ஏற்றிவிட்டு, அவர் எண்ணத்தைக் குறைகூறுதல் முறையன்று. சோர்வு வாரக்கணக்கில் நீடிப்பின், நாணாது வைத்தியரை நாடுக.

வள்ளுவர் ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சியுடையார்க்கும் இடர் வரும் என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது. மாணவர்களே, பரீட்சை வினாத்தாளை விரிக்குமுன் ‘எனக்கு வராது’ என்று உள்ளம் உரைக்குமாயின், முதல் வினாவை எழுதிப் பார்த்த பின்னர் அதற்கு விடை கூறுங்கள்.