அடித்தால் கையெழுத்து அழகாகுமா?

"கோழி கிளறின மாதிரி எழுதுறான்", "ஏழு வயசாச்சு, இன்னும் ஊட்டி விட வேண்டியிருக்கு" - இந்தப் புலம்பலைக் கேட்காத தெரு இல்லை. சோம்பேறி, பிடிவாதம் என்று பெயர் வைத்து முதுகில் ரெண்டு வைத்து விடுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக் கூடும் என்பதும், அதைப் பார்த்துச் சொல்லவே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆக்குபேஷனல் தெரபி என்றதும், "வேலை வாங்கித் தர்ற இடமா அண்ணி?" என்று கேட்டாள் என் நாத்தனார்! சாப்பிடுவது, பட்டன் போடுவது, எழுதுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு உடம்பையும் கையையும் பழக்கும் சிகிச்சை இது. நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஆரம்பித்தவரும் ஒரு பெண்மணிதான், கமலா நிம்ப்கர்.

நாத்தனார் பையன் இரண்டாம் வகுப்பு. பென்சிலை அழுத்துகிற அழுத்தில் நோட்டு கிழியும். சாம்பார் சாதம் விரலில் பட்டால் போதும், கை கழுவ ஓடுவான். வகுப்பில் பிரம்பு, வீட்டில் கரண்டி. கடைசியில் ஸ்கூல் வேனைப் பார்த்தாலே வாந்தி எடுக்கத் தொடங்கினான். அதற்காகப் பார்த்த குழந்தைகள் டாக்டர்தான் தெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் நோட்டைத் திறக்கவே இல்லை. அவன் உட்காரும் விதத்தைப் பார்த்தார். "அக்கா, கால் அந்தரத்துல தொங்குது பாருங்க. இடுப்பும் தோளும் ஆடினா விரல் எப்படி நிக்கும்?" என்றார். காலுக்கடியில் ஒரு முக்காலி வந்தது. நீள பென்சில் போய், சுண்டு விரல் அளவுத் துண்டு பென்சில் வந்தது. துண்டு பென்சிலை முழுக் கையால் பிடிக்க முடியாதே, தானாகவே மூன்று விரல் சேரும்! சுவரில் மாட்டிய போர்டில் சாக்பீஸால் எழுதுவது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கொடியில் துணிக்கு கிளிப் மாட்டுவது, இதெல்லாம்தான் மருந்து. மாத்திரை ஒன்றும் கிடையாது.

சாப்பாட்டுக்கும் அப்படித்தான். சிலருக்குத் தோலில் ஈரமோ பிசுபிசுப்போ பட்டால் தாங்காது. அது அடம் இல்லை. முதலில் பொரி, பிறகு உதிரிச் சாதம், கடைசியில்தான் தயிர் சாதம் என்று கொண்டு போனார்கள். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. ஸ்பூன் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கலாமாம்.

மூன்று விரல் பிடி பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில்தான் ஒழுங்காகப் படியும். எல்.கே.ஜி.யிலேயே நாலு வரி நோட்டில் 'ணை' எழுதச் சொல்வதை என்னவென்று சொல்ல! அதே சமயம், எல்லாக் கோணலுக்கும் கை காரணமில்லை. கண் பார்வையையும், கற்றல் குறைபாடு உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. மூக்கைப் பிடித்தோ, படுக்க வைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ எந்தக் குழந்தைக்கும் ஊட்டாதீர்கள். சாப்பாடு மூச்சுக்குழாயில் போய்விடும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ புரையேறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதமாகிறது. எழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. ஆனால் வாந்தி நின்றுவிட்டது. தயிர் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிடுகிறான், பாதி தரையில்!

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2013-ல் வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அமைத்திருக்கிறார்கள். சிகிச்சை இலவசம். எங்கள் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும், சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமும் இருக்கின்றன. போகும்போது பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றும், வீட்டில் சாப்பிடுகிற தட்டும் ஸ்பூனும் பையில் இருக்கட்டும். கேட்பார்கள்.

- ஒரு வாசகி, தென்காசி