பேர் பெற்ற கோஷ்டிக்கே பெட்டியில் இடம்

விருத்தாசலம் என்றதும் சிலருக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகத்துக்கு வரும். சிலருக்குப் பீங்கான் சாமான்கள் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. சிறிய ஊர்தான். ஆனாலும் அந்த ஊர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "கால்பந்தாட்டத்தில் பேர் போன கோஷ்டிகள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். மான்செஸ்டர், பார்ஸலோனா, மாட்ரிட் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவான். கல்கத்தாவின் மோகன் பகானையும் சொன்னாலும் சொல்வான். "2019-ஆம் வருஷத்தில் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்று ஜயித்ததே, அது எது?" என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பான்.

பையன்மேல் குற்றமில்லை. வீட்டு டெலிவிஷன் பெட்டி எதைத் திரும்பத் திரும்பக் காட்டியதோ அதை அவன் கற்றுக்கொண்டான். அப்படியானால், பெட்டிக்குள்ளே இருப்பவர்கள் ஏன் சில கோஷ்டிகளையே தூக்கிப் பிடிக்கிறார்கள்? இது பாரபட்சமா, வியாபாரமா, அல்லது நம்முடைய ரசனையின் பிரதிபிம்பமா? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம். ஏனெனில், ஒரு தமிழ்க் கோஷ்டி வாழ்வதும் மறைவதும் இதில் அடங்கியிருக்கிறது.

கண்களை விற்கும் கடை

ஒளிபரப்பு ஸ்தாபனங்கள் நமக்கு ஆட்டத்தை விற்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை விளம்பரதாரருக்கு நம்முடைய கண்களை விற்கின்றன. சோப்பு விற்பவரும் மோட்டார் வண்டி விற்பவரும், "எத்தனை வீட்டில், எத்தனை நிமிஷம் பார்த்தார்கள்?" என்று கணக்குக் கேட்பார்கள். இந்தியாவில் 'பார்க்' என்னும் ஸ்தாபனம் 2015 முதல், மாதிரிக்காகப் பொறுக்கி எடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தி இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. அந்தக் கணக்கு உயர்ந்தால் விளம்பரக் கட்டணமும் உயரும்.

செலவின் கதை வேறு. காமிராக்கள், அவற்றை இயக்கும் ஆட்கள், படக்கருவிகள் நிறைந்த வண்டி, வர்ணனை சொல்பவர்கள், செயற்கைக் கோளுக்குக் கட்டணம் - இவையெல்லாம் பிரபலமான கோஷ்டி ஆடினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேர் தெரியாத கோஷ்டி ஆடினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கல்யாணப் பந்தலுக்குப் பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் பந்தல் செலவு மாறாதது போல! செலவு ஒன்றாகவும் வரவு பத்து மடங்கு வித்தியாசமாகவும் இருந்தால், வியாபாரி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமோ?

ரசிகர் மனமும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. முன் கதை தெரியாமல் தொடர்கதையின் இருபதாம் அத்தியாயத்தைப் படிப்பவருக்கு அதில் என்ன சுவை கிட்டும்? பிரபலமான கிளப்பு என்பது பல வருஷங்களாக நடந்துவரும் தொடர்கதை. போன வருஷம் தோற்றது, பரம வைரியிடம் அவமானப்பட்டது, புதிய ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது - எல்லாம் நமக்குத் தெரியும். ஆகவே, அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறோம். புதிய கோஷ்டியின் கதையைச் சொல்லத் தொடங்குவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு விளம்பரதாரர் பணம் கொடுப்பதில்லை.

இது நேற்றுத் தொடங்கிய வழக்கமும் அல்ல. 1927 ஜனவரி 22-ந் தேதி பி.பி.சி. முதன் முதலாக ரேடியோவில் வர்ணித்த லீக் கால்பந்தாட்டம், லண்டன் ஆர்ஸனல் மைதானத்தில் ஷெப்பீல்டு யுனைட்டெட் கோஷ்டியுடன் நடந்தது. 1937 செப்டம்பர் 16-ந் தேதி டெலிவிஷனில் முதல் முறையாகக் கால்பந்தாட்டத்தைக் காட்டியபோதும் அதே ஆர்ஸனல்தான். எதிர்த்து ஆடியவர்கள் யார் தெரியுமா? ஆர்ஸனலின் இரண்டாவது கோஷ்டி! ஒளிபரப்பு நிலையத்துக்கு மைதானம் அருகில் இருந்தது. ஆர்ஸனலும் அன்று புகழின் உச்சியில் இருந்தது. வேறு கிளப்பின் தயவே இல்லாமல் விஷயம் முடிந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், 2017-18 முதல் 2023-24 வரை தொடர்ச்சியாக ஏழு பருவங்களிலும் தொடக்க ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் இடம் பெற்றது. அந்த வருஷங்களில் அக்கோஷ்டி ஒரு தடவைகூடப் பட்டம் பெற்றதில்லை. ஆனால், கொச்சி மைதானத்தை மஞ்சள் கடலாக்கும் ரசிகர்கள் அதற்கு உண்டு. தொடக்க நாளன்று ஒளிபரப்புக்கு வேண்டியது கேடயம் அல்ல, கூட்டம்.

புகழ் பிறந்த கதை

இவ்வளவையும் கேட்டு, "புகழெல்லாம் டெலிவிஷன்காரர்கள் செய்த மாயம்" என்று தீர்மானித்துவிடக் கூடாது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் தங்கள் புகழை வேறு வழியில் சம்பாதித்தன.

1889-ல் தோன்றியது மோகன் பகான். 1911 ஜூலை 29-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தின் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் முறியடித்தது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். எதிரிகளோ பூட்ஸ் அணிந்தவர்கள். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் போட்ட இரண்டு கோல்கள், ஆளும் ஜாதியை மைதானத்திலாவது வெல்ல முடியும் என்பதைத் தேசத்துக்குக் காட்டின. அன்று இந்தியாவில் ரேடியோ ஒலிபரப்புக்கூடக் கிடையாது. செய்தி வாய்வழியாகவும் தந்தி வழியாகவும் பத்திரிகை வழியாகவும் பரவிற்று.

1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலின் கதையும் உருக்கமானது. 1947-ல் வங்காளம் பிளவுண்ட பிறகு, வீடு வாசலைத் துறந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தக் கிளப்பு ஓர் ஆறுதலாயிற்று. 1997 ஜூலை 13-ந் தேதி இவ்விரு கிளப்புகளும் மோதிய பெடரேஷன் கோப்பை அரை இறுதி ஆட்டத்தைக் காணச் சால்ட் லேக் மைதானத்தில் கூடியவர்கள் சுமார் 1,31,000 பேர். இப்படிப்பட்ட ஆட்டத்தைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டினால் அதுதான் அநியாயம்.

ஆகவே, பிரபலமான கிளப்புகளுக்கு இடம் தருவதில் தவறில்லை. இடம் முழுவதையும் அவர்களுக்கே தந்துவிட்டு, மற்றவர்கள் பிரபலமாவதற்கு உள்ள ஒரே வாசலையும் சாத்துவதுதான் தவறு. ஜனங்கள் பார்க்கவில்லை என்று காட்டுவதில்லை. காட்டாததால் ஜனங்கள் பார்ப்பதில்லை. சூளையில் நெருப்பு எட்டாத மூலையில் வைத்த கலம், மண் எவ்வளவு நல்லதாயினும் பச்சை மண்ணாகத்தான் இருக்கும். "இது வேகாத கலம்" என்று அதைப் பழிப்பதில் என்ன நியாயம்?

பட்டம் ஒருவருக்கு, மேடை மற்றொருவருக்கு

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

2018-19 ஐ-லீக்கில் பதினொரு கிளப்புகள் ஆடின. அவற்றுள் ஒன்று சென்னை சிட்டி. பெயர் சென்னையுடையது, சொந்த மைதானமோ கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி 21 கோல்கள் போட்டார். 2019 மார்ச் 9-ந் தேதி கோயமுத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி பட்டத்தைக் கைப்பற்றியது. 42 புள்ளிகளுடன் இரண்டாவதாக நின்றது ஈஸ்ட் பெங்கால். அடுத்த மாதமே புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைப் போட்டியில், அவ்வருஷத்து சூப்பர் லீக் வெற்றியாளரான பெங்களூரையும் 2-1 என்று தோற்கடித்து, முந்திய வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல என்று நிரூபித்தது.

ஆனால், இந்த ஓட்டத்தின் நடுவிலேயே ஒரு சங்கதி நடந்தது. ஐ-லீக்கைக் காட்டிவந்த ஸ்டார் ஸ்தாபனம், மீதமிருந்த ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டுமே காட்டப்போவதாக 2018 டிசம்பரில் தெரிவித்தது. கிளப்புகள் ஆட்சேபித்தன. இதே ஸ்டார், சூப்பர் லீக்கை நடத்திய கம்பெனியில் பங்குதாரராகவும் இருந்தது. கடைக்காரர் தம்முடைய சொந்தச் சரக்கை முன் வரிசையில் அடுக்கிவிட்டு, பிறர் சரக்கைப் பின் அறையில் போட்டால், "வாங்க ஆள் இல்லை" என்று சொல்வது சுலபம் அல்லவா?

சூப்பர் லீக்கில் சென்னையின் பெயரால் சென்னையின் என்ற மற்றொரு கிளப்பு உண்டு. 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்ற திறமைசாலிகள்தாம் அவர்கள். அதன் சொந்தக்காரர்களில் அபிஷேக் பச்சனும் தோனியும் இருந்தார்கள். சினிமாவும் கிரிக்கெட்டும் சேர்ந்து தூக்கிய பல்லக்கு அது. சென்னை சிட்டிக்குக் கால்களைத் தவிர வேறு பலம் கிடையாது.

பிறகு நடந்ததுதான் வேதனை. 2020-ல் மோகன் பகான், ஏ.டி.கே. கிளப்புடன் இணைந்து சூப்பர் லீக்கில் புகுந்தது. அது அவ்வருஷத்து ஐ-லீக் வெற்றியாளர். அதே வருஷம் ஈஸ்ட் பெங்காலும் புதிய முதலாளியின் துணையுடன் உள்ளே சென்றது. அது ஐ-லீக் பட்டத்தை ஒரு முறையும் வென்றதில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் அதை முந்திய சென்னை சிட்டிக்கோ அழைப்பு வரவில்லை. ஐ-லீக்கில் வென்றவர் சூப்பர் லீக்குக்கு ஏறலாம் என்ற விதி, 2022-23 பருவத்தின் வெற்றியாளருக்குத்தான் முதல் தடவையாகப் பலித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2021-22 ஐ-லீக்கில் ஆடிய கிளப்புகளின் ஜாபிதாவில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. முதல்வன் மறைந்தான், இரண்டாமவன் மேடை ஏறினான். இடையில் நின்று தீர்ப்புச் சொன்னது கோல் கணக்கு அல்ல, கூட்டக் கணக்கு.

பிறர் கண்ட பரிகாரம்

இந்நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1992-ல் பிரீமியர் லீக் ஏற்பட்டபோது, கிளப்புகள் தங்கள் ஆட்டங்களைத் தனித்தனியே விற்காமல் ஒன்று சேர்ந்து விற்றன. உள்நாட்டு ஒளிபரப்பால் வந்த பணத்தில் பாதியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். கால் பங்கைப் பந்தய வரிசையில் பெற்ற இடத்துக்கு ஏற்பவும், மீதிக் கால் பங்கை எத்தனை தடவை டெலிவிஷனில் தோன்றினார்கள் என்பதற்கு ஏற்பவும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குப் பெரிய பங்குதான். ஆனால், சிறியவர்களும் பட்டினி கிடக்கவில்லை.

ஸ்பெயினில் வெகு காலம் அவரவர் சரக்கை அவரவரே விற்றார்கள். ரியல் மாட்ரிட்டும் பார்ஸலோனாவும் சிங்கத்தின் பங்கை எடுத்துக்கொண்டன. கடைசியில் 2015-ல் அரசாங்கமே சட்டம் போட்டுக் கூட்டு விற்பனையைக் கொண்டுவந்தது. முதல் பிரிவுக்கு உரிய தொகையில் பாதி சமமாகப் பிரிக்கப்படலாயிற்று. வியாபாரத்தைக் கெடுக்காமலே நியாயத்தைக் காக்கலாம் என்பதற்கு இவை உதாரணங்கள்.

ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

நம் தேசத்தில் இதற்கு இன்னும் உறுதியான அஸ்திவாரம் இருக்கிறது. மத்திய அரசாங்கத்துக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்றும், பொது நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பந்தயங்களைத் தனியார் ஸ்தாபனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-ல் சட்டமும் வந்தது. தனியார் காட்டுவதைப் பகிர்ந்துகொள்வதோடு பொது ஒளிபரப்பின் கடமை தீர்ந்துவிடுமா? தனியார் காட்டாததைக் காட்டுவது அல்லவா அதன் முதல் கடமை? பொதிகை என்று வழங்கிவந்து 2024 முதல் டி.டி. தமிழ் என்ற பெயர் பூண்ட நிலையம், வாரத்துக்கு ஒரு தமிழ்நாட்டுக் கால்பந்தாட்டத்தைக் காட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்?

காட்டுவதற்கு ஆட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி வென்றதென்றால், அவ்வருஷம் மே மாதத்தில் மதுரையைச் சேர்ந்த சேது எப்.ஸி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஒரே வருஷத்தில் இரண்டு தேசியப் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன! தேசிய மகளிர் பந்தயத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் வெற்றி கண்டார்கள். மங்கலம்பேட்டை அடங்கிய இதே கடலூர் மாவட்டத்தில் பிறந்த இந்துமதி கதிரேசன், போலீஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்தியாவுக்காக ஆடியவர். இந்த வெற்றிகளை எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கண்ணால் கண்டன?

ஒளிபரப்பு ஸ்தாபனங்களைக் குறை கூறுவது நியாயமே. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தராசில் நாமும் ஒரு படிக்கல். மீட்டர் கணக்கு நம் வீடுகளிலிருந்துதான் போகிறது. கோயமுத்தூரிலோ மதுரையிலோ நெய்வேலியிலோ நல்ல பந்தயம் நடந்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். டெலிவிஷனில் தமிழ்நாட்டுக் கோஷ்டி எப்போதாவது தலைகாட்டினால், அந்த ஒன்றரை மணி நேரம் வேறு பக்கம் திருப்பாதிருங்கள். பத்திரிகையில் அதன் முடிவு வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று ஒரு கார்டு எழுதிக் கேளுங்கள். 1911-ல் மோகன் பகானைப் பெரிதாக்கியவர்கள் அன்று மைதானத்தைச் சூழ்ந்து நின்ற ஜனங்கள். அடுத்த முறை நம்மவர்கள் பட்டம் வெல்லும்போது, அதைச் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் நாம் இருக்கலாகாது.