டீசல் முள் தப்பாகக் காட்டினால் ஓட்டுநர் திருடரா?

ஜமுனாமரத்தூரில் புளி மூட்டை ஏற்றிய லாரி மலையிறங்கிக் கலசப்பாக்கம் வந்து நிற்கிறது. காலையில் அரை டேங்க் காட்டிய முள் இப்போது கால் டேங்குக்கும் கீழே. "டீசல் எங்கப்பா போச்சு?" என்கிறார் முதலாளி. ஓட்டுநர் என்ன சொன்னாலும் எடுபடாது. மாதக் கடைசியில் சம்பளத்தில் ஒரு தொகை குறையும். மலை லோடு அடிக்கும் யாருக்கும் வரக்கூடிய பழி இது. திருட்டு என்று முடிவுகட்டும் முன் டேங்குக்குள் இருக்கும் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

டீசலின் மேல் ஒரு மிதவை, அதோடு சேர்ந்த ஒரு கம்பிக் கை. டீசல் ஏற இறங்க அந்தக் கை ஒரு மின்தடைப் பட்டையில் உரசி நகரும். அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது. பட்டையில் ஓரிடம் தேய்ந்துவிட்டால், அங்கே வந்ததும் முள் தொப்பென்று விழும். கொஞ்ச நேரத்தில் தானாக எழும். மிதவை ஓட்டையானால் டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே காட்டும். எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் அளவு தப்பும். எந்தப் பழுதும் இல்லாத லாரியிலேகூட, ஏற்றத்தில் டீசல் ஒரு பக்கமாகச் சாயும். கொண்டை ஊசி வளைவில் பார்த்த அளவைக் கணக்கில் வைக்காதீர்கள். சமதரையில் நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

பழைய லாரி என்றால் ஆட்டோ எலக்ட்ரீசியன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டின், அதாவது சென்சாரின், ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போகும். அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் மறு கோடிக்குப் போகும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, பழுது டேங்க் யூனிட்டில் அல்லது அதன் எர்த்தில். முள் அசையாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று தேட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இப்படித் தொட்டுப் பார்க்காதீர்கள். கணினிப் பெட்டியே கெடலாம், ஸ்கேனர்தான் வழி. யூனிட்டைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று பக்கத்தில் வெல்டிங் வைத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கலாம்.

முள்ளை நம்பி மலையில் டீசல் தீர்ந்தால் பழியோடு போகாது. இன்ஜின் அணைந்ததும் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும். லோடு வண்டி, இறக்கம், இருட்டு: உயிர் போகிற இடம். டீசல் லைனில் காற்றுப் புகுந்தால் ஊற்றினதும் வண்டி கிளம்பாது. டீசலின் வழவழப்பில் ஓடும் பம்பும் தேயும்.

விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல், நஷ்டம் என்று சொல்லி ஓட்டுநர் கூலியில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிடித்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். பங்க்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. எடையளவுச் சட்டத்தை இங்கே பார்ப்பதும் தொழிலாளர் துறைதான். மாற்றிய சென்சார் மறுபடி கெட்டு, கடைக்காரர் கைவிரித்தால் 1915-ஐ அழையுங்கள், அல்லது 2 ஆண்டுக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சொந்தமாக லாரி ஓட்டிப் பிழைப்பவரும் சட்டப்படி நுகர்வோரே. பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒருமுறை டேங்கை ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். லோடு இறக்கி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஏறிய லிட்டர்தான் செலவான டீசல். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு ஓட்டுநரிடம் பேசுங்கள்.