புது கம்ப்யூட்டருக்கு 42,000 ரூபாய்னு சொன்னாங்க... தலைச்சோலையில 3,580 ரூபாய்ல முடிஞ்ச கதை



போன டிசம்பர்ல ஒரு நாள் காலையில சித்தப்பா போன் பண்ணார். "கண்ணு, பேங்க் சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான் போலிருக்கு. திறந்தாலே 'பாதுகாப்பு இல்லை'ன்னு வருது. கம்ப்யூட்டரும் காலையில உயிரே வர மாட்டேங்குது. கீழே கடையில காட்டினேன், மதர்போர்டு போச்சு, புது செட் 42,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. ஈஎம்ஐ போட்டுக்கலாமா?"

சித்தப்பா இருக்கிறது ஏற்காட்டுல, தலைச்சோலை பக்கம். கொஞ்சம் காபி, நிழல் மரங்கள்ல ஏத்திவிட்ட மிளகு. டிசம்பர்னா காபிப் பழம் பறிக்கிற சீசன். சனிக்கிழமை ஆனா ஆட்களுக்குக் கூலி கையில வெச்சாகணும். அந்த நேரத்துல 42,000 ரூபாயை வெளிய எடுக்கிறது எவ்வளவு இறுக்கம்னு விவசாயம் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் வேற ஒண்ணு இருந்துச்சு. 2014-ல அந்த கம்ப்யூட்டரை வாங்கின நாள்லருந்து தோட்டக் கணக்கு மொத்தமும் அதுலதான், டேலியில இருக்கு. காப்பி எங்கேயும் கிடையாது.

"எதுலயும் கையெழுத்து போடாதீங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்"னு சொல்லிட்டு சேலத்துல பஸ் ஏறினேன். ஒரு விஷயம் அப்பவே தோணுச்சு. 20 கொண்டை ஊசி வளைவுல சிபியூவை மடியில வெச்சு பஸ்ல இறக்கி, மறுபடி ஏத்துறதே ஒரு ரிஸ்க். குலுக்கல்ல ரேம் லூஸ் ஆகலாம், பிராசசர் மேல இருக்கிற ஃபேனோட பிளாஸ்டிக் பின் கழண்டுக்கலாம். சரி பண்ணக் கொண்டு போன பெட்டி புதுசா ஒரு கோளாறோட திரும்பி வர வாய்ப்பு இருக்கு. முடிஞ்ச வரைக்கும் வீட்டுலயே பார்க்கணும்.

முதல்ல அந்த "ஹேக்" விஷயம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கீழே மூலையில தேதியைப் பார்த்தேன். 2014 ஜனவரி 1. அவ்வளவுதான் விஷயம்! பேங்க் வெப்சைட்டுக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கு. இந்த தேதியிலருந்து இந்த தேதி வரைதான் செல்லும்னு அதுல இருக்கும். உங்க கம்ப்யூட்டர் 2014-ல நின்னுட்டு 2025 சான்றிதழைப் பார்த்தா, "இது இன்னும் பிறக்கவே இல்லையே"ன்னு கதவை மூடிடும்.

தேதி ஏன் ஓடிப்போகுது? மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வெள்ளி நிறத்துல ஒரு செல் இருக்கும். பேரு சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். பிளக் சொருகி சுவிட்ச் ஆன்ல இருந்தா, கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணியிருந்தாலும் சின்னதா ஒரு ஸ்டாண்ட்பை கரண்ட் போய்ட்டே இருக்கும், கடிகாரம் அதுல ஓடும். அதனால செல் செத்துப்போனது பல வீடுகள்ல தெரியவே தெரியாது. சித்தப்பாவோ இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி பிளக்கையே புடுங்கிடுவார். மலையில அது சரியான பழக்கம்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அதனாலதான் தினமும் காலையில கம்ப்யூட்டர் 2014-க்குப் போயிடுச்சு. செல் விலை 40 ரூபாய்.

மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் செட்டிங்ஸ் பக்கங்களை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. செல்லைக் கழட்டினா அந்த செட்டிங்ஸ் பழையபடி ரீசெட் ஆகும். ஹார்டு டிஸ்க் எந்த மோடுல இருந்துச்சுன்னு தெரியலைன்னா விண்டோஸ் நீலத் திரையில போய் நிக்கும், நீங்க புதுசா ஏதோ கெடுத்துட்டோம்னு பதறுவீங்க.

இங்க என் தப்பையும் சொல்லிடறேன். போனதும் பெட்டியைத் திறந்து தூசி தட்ட உட்கார்ந்துட்டேன். ஒரு மணி நேரம் அதுலயே போச்சு. நான் முதல் வேலையா செஞ்சிருக்க வேண்டியது டேலி ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி எடுக்கிறது. ஏன்னா, அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல பார்த்தா ஹார்டு டிஸ்க் மஞ்சள் கலர்ல "எச்சரிக்கை"ன்னு நின்னுச்சு. படிக்க முடியாம காத்திட்டு இருக்கிற செக்டார்கள் கணக்குல ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. அதாவது டிஸ்க் போகப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லுது. உடனே பென் டிரைவ்ல ஒரு காப்பி, என் லேப்டாப்ல ஒரு காப்பி எடுத்தோம். சித்தப்பா அப்பதான் டீ குடிச்சார்.

காலையில மட்டும் வராத டிஸ்பிளே

"மதர்போர்டு போச்சு"ன்னு கடையில சொன்னதுக்குக் காரணம் இதுதான்: ஃபேன் சுத்துது, பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணும் வரலை. ஆனா சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தையை அங்க யாரும் காதுல வாங்கலை. "பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் வந்துடுது கண்ணு."

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழியில மூடுபனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஈரக்காற்று ராத்திரி குளிர்ந்த உலோகத்துல பட்டா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஈரம் படியும். ரேம் ஸ்லாட்டுல வருஷக்கணக்கா சேர்ந்த அழுக்கோட அந்த ஈரமும் சேர்ந்தா, தொடுப்பு சரியா கிடைக்காது. வெயில் ஏறினதும் காய்ஞ்சு வேலை செய்யும். (உயரத்தால கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்னு மலையில சிலர் சொல்வாங்க. வழக்கமான ஹார்டு டிஸ்க்குகளை 3,000 மீட்டர் வரைக்கும் ஓடுற மாதிரிதான் செய்யறாங்க. பிரச்சினை உயரம் இல்லை, ஈரம்.)

வேலை சுலபம். பிளக்கைப் புடுங்குங்க. பவர் பட்டனை பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் வடிஞ்சிடும். பெட்டியோட வெறும் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுட்டு, ரேமை இரண்டு பக்க கிளிப்பையும் விலக்கிக் கழட்டுங்க. கீழே தங்க நிறத்துல பல் பல்லா இருக்கிற பகுதியை, பசங்க வெச்சிருக்கிற வெள்ளை ரப்பரால மெதுவா தேய்ங்க. ரப்பர் தூளை பிரஷ்ஷால தட்டிட்டு, ஸ்லாட்டையும் பிரஷ் போட்டு, திரும்ப 'டக்'னு சத்தம் வர்ற மாதிரி அழுத்துங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். 10 ரூபாய் ரப்பர். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெளிய பனி கொட்டும்போதே டிஸ்பிளே வந்துச்சு.

இதுக்கும் வரலைன்னா, இரண்டு ரேம் இருக்கிறவங்க ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க, ஸ்லாட் மாத்திப் பாருங்க. ஃபேனே சுத்தலைன்னா சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல போகணும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்க மஞ்சள் வயர்ல 12 வோல்ட், சிவப்புல 5, ஆரஞ்சுல 3.3 வருதான்னு பார்க்கலாம். 5% வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கினா மாத்திடுங்க. ஆனா எஸ்எம்பிஎஸ் பெட்டியோட ஸ்க்ரூவை மட்டும் கழட்டாதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பணம் மிச்சம் பிடிக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

பிராசசர் ஃபேனைக் கழட்டினா பழைய தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. துடைச்சு, புதுசு ஒரு பட்டாணி அளவு. 180 ரூபாய் ட்யூப், இன்னும் நாலு கம்ப்யூட்டருக்கு வரும்.

எதுக்கு செலவு பண்ணலாம், எதுக்கு கூடாது

இப்பதான் நம்ம சப்ஜெக்ட். பழைய கம்ப்யூட்டருக்குப் போடுற ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: நாளைக்கு இந்தப் பெட்டி செத்துட்டா, இந்தப் பொருள் என்கூட அடுத்த கம்ப்யூட்டருக்கு வருமா?

யுபிஎஸ் பேட்டரி வரும். சித்தப்பா யுபிஎஸ்ல இருந்த 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி உப்பியிருந்துச்சு. கரண்ட் போன அடுத்த நொடி கம்ப்யூட்டரும் போகும். அப்படித் திடீர்னு அணையறது ஹார்டு டிஸ்க்குக்கும் நல்லதில்லை, டேலி டேட்டாவுக்கும் நல்லதில்லை. 1,050 ரூபாய்க்கு மாத்தினோம். எஸ்எஸ்டியும் வரும். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 2,300 ரூபாய். சாகப்போற டிஸ்க்லருந்து அப்படியே குளோன் பண்ணாம, புதுசா விண்டோஸ் போட்டு டேட்டாவை மட்டும் கொண்டு வந்தேன். விண்டோஸ் லைசன்ஸ் மதர்போர்டோட ஒட்டினதுங்கிறதால தானா ஆக்டிவேட் ஆச்சு. டேலியை மறுபடி ஆக்டிவேட் பண்ண வேண்டி வந்துச்சு. முன்னாடி ஆன் பண்ணிட்டு பல் விளக்கிட்டு வரலாம், இப்ப அரை நிமிஷம்.

கூட 4 ஜிபி ரேம் போடலாம்னு ஆசை வந்துச்சு. போடலை. அது டிடிஆர்3. அடுத்து வாங்குற கம்ப்யூட்டர்ல அது சேரவே சேராது. மதர்போர்டு நிஜமாவே போயிருந்தாலும் செகண்ட் ஹேண்ட் போர்டு தேடியிருக்க மாட்டேன், அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கணக்கு பாருங்க. செல் 40, ரப்பர் 10, பேஸ்ட் 180, பேட்டரி 1,050, எஸ்எஸ்டி 2,300. மொத்தம் 3,580. இதுல அடுத்த கம்ப்யூட்டருக்கு வராதது 230 ரூபாய்தான். (விலை கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் மாறும். விகிதத்தைப் பாருங்க.) 42,000 ரூபாயை 15% வட்டியில 12 மாச ஈஎம்ஐ போட்டிருந்தா மாசம் 3,791 ரூபாய், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 3,490. கிட்டத்தட்ட வட்டிக்குப் போக இருந்த காசுலயே வேலை முடிஞ்சது.

ஆனா ஒண்ணை மறைக்கக் கூடாது. இந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. அதுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0 வேணும். நாலாவது தலைமுறைக்கு வழி இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்குல லாகின் பண்ணி செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒத்துக்கிட்டா, கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் இலவசமா 2026 அக்டோபர் 13 வரைக்கும் கிடைக்குது. அதைப் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸ் போடலாமேன்னு கேட்பீங்க. டேலி ஓடணுமே! அதனால சித்தப்பாகிட்ட கறாரா சொன்னது: "இதுல கணக்கு மட்டும் எழுதுங்க. பேங்க் வேலை போன்லயே பாருங்க."

"அப்போ எதுக்கு கண்ணு பேங்க் சைட்டை சரி பண்ணே?"ன்னார். பதில் சொல்லத் தெரியலை.

கழட்டின ஹார்டு டிஸ்க்கை பழைய இரும்புக்காரர்கிட்ட போட எடுத்து வெச்சிருந்தார். வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினேன். அதுல ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் இருக்கு. டெலிட் பண்ணாலும் திரும்ப எடுத்துடலாம். டேட்டாவை முழுசா அழிக்காம, இல்லை உள்ள இருக்கிற தட்டை உடைக்காம வெளிய விடாதீங்க.

ஈஎம்ஐக்குப் போக இருந்த தொகையில மாசம் 3,500 ரூபாய் ஆர்டியில போடச் சொல்லியிருக்கேன், ஜனவரியிலருந்து. அக்டோபர்ல 35,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில இருக்கும், புது பெட்டியை ரொக்கமா வாங்கிக்கலாம். எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருக்கே. சனிக்கிழமை கூலி கொடுத்து முடிச்சதும் டேலி ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி எடுத்து போட்டோ அனுப்பறார். போன வாரம் மட்டும் அனுப்பலை. கேட்டா, பென் டிரைவை எங்க வெச்சேன்னு தெரியலைன்னார்.