பாதியில் செத்துப்போகும் டிஎஸ்பி: கே. பாலாஜி பற்றி ஒரு குறிப்பு

ரஜினி நடித்த 'பில்லா'வை (1980) எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சின்ன வயதில் அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. அந்த டிஎஸ்பி ஏன் சார் பாதியிலேயே செத்துப்போகிறார்?

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கடத்தல்காரன் பில்லா போலீஸ் துரத்தலில் இறந்துவிடுகிறான். அந்தச் செய்தியை அமுக்கிவிட்டு, அவனைப் போலவே இருக்கும் ராஜப்பா என்ற தெருப்பாடகனைப் பிடித்துப் பழக்கி, கும்பலுக்குள் அனுப்புகிறார் டிஎஸ்பி அலெக்சாண்டர். உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் ராஜப்பாவை யார் நம்புவார்கள்? படம் சூடு பிடிப்பதே அங்கேதான்.

அந்த டிஎஸ்பியாக நடித்தவர் கே. பாலாஜி. படத்துக்குப் பணம் போட்டவரும் அவர்தான்.

ரொம்ப நாளாக எனக்கு அவர் வெறும் 'ரீமேக் பாலாஜி'. வேறு மொழியில் ஓடிய படத்தை வாங்கி நம்ம ஊர் நடிகர்களை வைத்து எடுத்துவிடுவார், இதில் என்ன பெரிய திறமை என்று அலட்சியமாகத்தான் நினைத்திருந்தேன். படங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

முதலில் நடிகர் பாலாஜி. ஐம்பதுகளில் நடிக்க வந்தவர். நல்ல உயரம், களையான முகம். ஆனாலும் பெயர் சொல்லும் வேடங்கள் எல்லாம் நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவைதான். 'படித்தால் மட்டும் போதுமா'வில் (1962) படித்த அண்ணன் அவர். கடிதத்தை மாற்றி, படிக்காத சிவாஜியின் வாழ்க்கையைக் குழப்பி விடுகிறவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) சிங்கபுரம் மைனரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கெட்டவன் என்று ஒரேயடியாக வெறுக்கவும் முடியாது, நல்லவன் என்று நம்பவும் முடியாது. அந்த இடைப்பட்ட இடம்தான் அவருடைய கோட்டை.

'தில்லானா' வந்தபோதே அவர் தயாரிப்பாளர் ஆகிவிட்டார். 'அண்ணாவின் ஆசை' 1966ல் வந்தது. அடுத்த வருடம் சிவாஜியை வைத்து 'தங்கை'. நடிகர்கள் சொந்தப் படம் எடுப்பது இங்கே புதிதில்லை. வழக்கமாக எதற்கு எடுப்பார்கள்? அடுத்தவர் தராத நாயகன் வேடத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளத்தான். பாலாஜி அந்த நாற்காலியை சிவாஜிக்குப் போட்டார், பிறகு ரஜினிக்கும் கமலுக்கும். 'என் தம்பி'யில் (1968) தன் காசில் எடுத்த படத்தில் தானே சிவாஜிக்குச் சதி செய்யும் ஆளாக வந்து நின்றார்!

இனி ரீமேக் விஷயம். 'எங்கிருந்தோ வந்தாள்' (1970) இந்தி 'கிலோனா'. 'ராஜா' (1972) இந்தி 'ஜானி மேரா நாம்'. அதே வருடம் வந்த 'நீதி', இந்தி 'துஷ்மன்'. 'தியாகம்' (1978) 'அமானுஷ்'. 'தீ' (1981) 'தீவார்'. 'வாழ்வே மாயம்' (1982) தெலுங்கு 'பிரேமாபிஷேகம்'. பட்டியல் இன்னும் நீளும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதற்கு முன், 'பில்லா'வின் மூலமான 'டான்' (1978) பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் தயாரிப்பாளர் நரிமன் இரானி ஒளிப்பதிவாளர். முந்தைய படத்தில் விழுந்த கடனை அடைக்கத்தான் 'டான்' தொடங்கப்பட்டது. படம் வெளிவருவதற்குள் அவர் இறந்துவிட்டார். படம் பெரிய வெற்றி. பார்க்க அவர் இல்லை. வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கும் தொழிலில் ஒரு தோல்வி ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஏற்கெனவே ஜனங்கள் கைதட்டிய கதையைத் தேடிப் போனதில் ஒரு நிதானம் இருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது.

கதை கையில் இருந்தால் போதுமா? போதாது. வங்காளத்து உத்தம்குமார் நடித்த ஆளுக்கு இங்கே சிவாஜி பொருந்துவாரா, அமிதாப் நடந்த நடையை ரஜினி நடந்தால் எடுபடுமா என்று கணிக்க வேண்டும். எழுபதுகளின் இறுதியில் ரஜினியை நம்பி 'டான்' கதையைக் கொடுத்தது சின்ன பந்தயம் இல்லை. ரஜினிக்கு ஆக்‌ஷன் நாயகன் என்ற முத்திரை அழுத்தமாக விழுந்த படம் அது.

நம்பிக்கைகளும் இருந்தன போல. 'ராஜா', 'நீதி', 'தியாகம்' மூன்றிலும் சிவாஜியின் பெயர் ராஜா, நாயகியின் பெயர் ராதா. இந்தி 'டா'னில் ரோமா என்று இருந்த நாயகி 'பில்லா'வில் ராதா ஆனார். 'வாழ்வே மாயம்' கமலும் ராஜாதான். இன்னொன்று, 'ராஜா', 'பில்லா', 'தீ', 'வாழ்வே மாயம்' நான்குமே வெளியானது ஜனவரி 26ல். தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை!

இப்போது அந்த டிஎஸ்பியிடம் திரும்பி வருகிறேன். ஊர் அறிந்த ஒருவனின் இடத்தில் வேறொருவனை நிறுத்தி, நடை உடை பேச்சு எல்லாம் பழக்கி, இவன்தான் அவன் என்று ஊரை நம்பவைப்பது. அலெக்சாண்டர் ராஜப்பாவுக்குச் செய்தது அதுதான். யோசித்தால், ரீமேக் தயாரிப்பாளர் பாலாஜி ஒவ்வொரு படத்திலும் செய்ததும் அதே வேலைதான். அவர் இதை நினைத்து அந்த வேடத்தை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் போட்டவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது, பாதியில் செத்தால்தான் கதை நகரும் என்கிற வேடம். அது எனக்குப் போதும்.

2007ல் அஜித்தை வைத்து 'பில்லா' மறுபடி வந்தது. அதில் அந்தப் போலீஸ் அதிகாரியாக வந்தவர் பிரபு, பாலாஜி அத்தனை படங்களில் நாயகனாக்கிய சிவாஜியின் மகன். பாலாஜி 2009 மே மாதம் காலமானார். அடுத்த முறை 'பில்லா' டிவியில் போட்டால், ரஜினியிடமிருந்து கண்ணை எடுத்து அந்த டிஎஸ்பியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சாவதற்கு முன்னால்.