சிறு கணினியின் நிலையான விலாசம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனியொன்றில், பின்னல் எந்திரத்தின் சுற்றுக்களை எண்ணும் பொருட்டு, ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவான கணினி பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். காரியாலயத்துக் கணினி அதனை ஓர் எண் விலாசத்தைக் கொண்டே அழைக்கின்றது. அவ்விலாசமோ ரூட்டர் குறித்த காலத்திற்குக் குத்தகைக்கு விட்டதேயாம். மின்சாரம் நின்று மீளுமிடத்து ரூட்டர் தன் பழைய ஏட்டை மறக்குமாயின், 192.168.1.7 என்றிருந்தது 192.168.1.12 ஆகிவிடலாம். எந்திரம் ஓடும், கணக்கு வாராது. இரவு வேலையாளின் கூலி அக்கணக்கையே பற்றியதாயின் இஃது அற்பக் குறையன்று.

கணினியிலேயே விலாசத்தை நிலைநிறுத்தலாம். பழைய கட்டுரைகள் கூறும் முறை, 2023ஆம் ஆண்டில் வந்த புக்வர்ம் பதிப்பு முதல் பயன்படாது; நெட்வொர்க் மானேஜர் என்பதே இப்பொழுது அவ்வேலையைப் பார்க்கின்றது. அதனிடத்துத் தானியங்கி முறையை நீக்கி, 192.168.1.200/24 என்றாற்போல் கணினியின் விலாசத்தையும், ரூட்டரின் விலாசத்தையும், பெயர்களை எண்ணாக்கித் தரும் டி.என்.எஸ். விலாசத்தையும் எழுதிவிடல் வேண்டும். தெரிந்தெடுக்கும் எண் ரூட்டர் வழங்கும் எல்லைக்குப் புறம்பாயிருத்தல் அவசியம். இன்றேல், அதே எண்ணை அது யாரோ ஒருவர் கைபேசிக்குங் கொடுத்துவிடும், இரண்டும் தடுமாறும். இத்தவற்றை யாமும் ஒருமுறை செய்ததுண்டு.

கணினியின் மாக் எண்ணைக் குறித்து, அதற்கென்றே ஒரு விலாசத்தை ரூட்டரில் ஒதுக்குவதும் உண்டு. எந்திரங்கள் பலவாயின் யாம் இதனையே விரும்புவோம். ஏடு முழுதும் ஓரிடத்திலிருக்கும். ரூட்டரை மாற்றும் நாளில் மாத்திரம் அதனை மீண்டும் எழுதுதல் வேண்டும்.