கருவுற்ற தாய்மார்க்குச் செரியாமை ஏன்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் வீராம்பட்டினத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் மீன் குழம்பு உண்டதும் நெஞ்சு கரிக்கிறது என்பார்கள். பெரியவர்கள் சோடா உப்பைக் கரைத்துக் கொடுப்பார்கள். இரும்பு மாத்திரைதான் சூடு, அதை நிறுத்து என்றும் கூறுவார்கள். இவை சரிதானா?

காரணம்

புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கருப்பைத் தசைகளைத் தளர்த்திக் கருவைக் காக்கிறது. அதுவே உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத் தசையையும் தளர்த்துகிறது; குடல் அசைவையும் மந்தமாக்குகிறது. அதனால் இரைப்பை அமிலம் மேலேறி எரிச்சல் உண்டாகிறது. பிந்திய மாதங்களில் வளரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் தொல்லை மிகுகிறது. ஆக, இது பெரும்பாலும் நோயன்று. கருவைக் காக்கும் ஏற்பாட்டின் பக்க விளைவே.

பரிகாரம்

சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல், எண்ணெய், காரம், காப்பி குறைத்தல், உண்டவுடன் படுக்காமை, தலைப்பக்கம் உயர்த்தி இடப்புறமாகப் படுத்தல் ஆகியவை நலம் தரும். தீராவிடில் கால்சியம், மக்னீசியம் அடங்கிய அமில முறிவு மருந்தை மருத்துவர் சொற்படி உட்கொள்ளலாம். சோடா உப்பு வேண்டாம். அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கும், இரத்தத்தின் காரத்தன்மையையும் கூட்டும்.

இரும்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. 2018இல் தொடங்கிய தேசிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள், தினம் 60 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது. அமில முறிவு மருந்துடன் சேர்த்து விழுங்கினால் இரும்பு நன்கு உட்கவரப்படாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

எச்சரிக்கை

ஐந்தாம் மாதத்திற்குப் பின் மேல்வயிற்று வலியுடன் கடும் தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் தோன்றினால் வெறும் செரியாமை என்று எண்ணலாகாது. இரத்தக் கொதிப்பின் அறிகுறியாகலாம். உடனே அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ செல்ல வேண்டும்.

மாத்திரை உறையைப் படிக்க ஆளில்லாத வீடுகள் இன்றும் உண்டு. அங்கே இவற்றை எடுத்துச் சொல்வது கல்லூரி வாசலை மிதித்த நம் கடமையன்றோ!